நகராத முள்

"டூப்ளிகேட் சாமானை என் தலையில கட்டிட்டீங்கல்ல?" என்று தையல்கடை அக்கா போடும் சத்தத்தில் பட்டறைத் தகரமே அதிர்கிறது. "ஸ்பீடு சென்சார் போன மாசம்தாம்மா புதுசா போட்டேன். உங்க தங்கச்சிதான் டார்ச் பிடிச்சாங்க, கேளுங்க!" மெக்கானிக்கும் விடுவதாயில்லை. அக்காவின் பழைய கார் நன்றாகத்தான் ஓடுகிறது. வேக முள் மட்டும் படுத்த படுக்கையாய்க் கிடக்கிறது, கிலோமீட்டரும் ஏறவில்லை. தங்கை எவ்வளவு தூரம் போய்வந்தாள் என்று சாயங்காலம் எட்டிப் பார்க்காவிட்டால் அக்காவுக்குத் தூக்கம் வராது. மெக்கானிக் முனகிக்கொண்டே பானெட்டுக்குள் தலையை விடுகிறார். இன்றைக்கும் டார்ச் தங்கை கையில்தான். கியர்பாக்ஸ் முழுக்க எண்ணெயும் புழுதியும் அப்பியிருக்க, சென்சாரின் ஒயர் கிளிப் மட்டும் துடைத்து வைத்த மாதிரி பளிச்சென்று, பாதி கழன்று தொங்குகிறது. "சென்சார் கெடலைம்மா. யாரோ இதை அடிக்கடி கழட்டிட்டு ஓட்டியிருக்காங்க, கிலோமீட்டர் ஏறாம இருக்க. கடைசித் தடவை சரியா அழுத்தி மாட்டலை." டார்ச் வெளிச்சம் கிளிப்பிலிருந்து நழுவி ரேடியேட்டர், தரை, அக்காவின் செருப்பு என்று அலைகிறது. அக்கா அந்த வெளிச்சத்தையே பார்க்கிறாள். "நூல் வாங்கத்தானேடி போனே?" சத்தமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "நூலும் வாங்கினேன்க்கா."

இருவரும் சேர்ந்து நடத்தும் கடைக்குப் போட்டியான அடுத்த ஊர்த் தையல்காரரைத்தான் தங்கை பார்த்துவந்தாள் என்பது, அக்காவைத் தவிர தெருவுக்கே தெரியும். பிறகு அவரையே கட்டிக்கொண்டு, பாதி வாடிக்கைக்காரர்களையும் இழுத்துக்கொண்டு, அங்கேயே குடிபோய்விட்டாள். அக்கா இப்போதும் சாயங்காலமானால் கிலோமீட்டரை எட்டிப் பார்க்கிறாள். ஏறியிருப்பதெல்லாம் அவளே ஓட்டிய தூரம்தான்.