இருபத்தெட்டு, பதினான்கு, ஏழு

தர்பூசணிச் சாறு வெர்னாவின் காதோரம் வழிந்து கழுத்துக்குள் இறங்கியது.

பருவத்தின் முதல் ஆட்டம். கனடியக் கால்பந்தின் பச்சை அணியை நேசிப்பவர்கள் ரெஜைனா நகரில் அன்று தர்பூசணியைக் குடைந்து தலையில் கவிழ்த்துக்கொண்டுதான் வருவார்கள்.

வெர்னா இரண்டு குடைந்திருந்தாள். ஒன்று அவள் தலையில். பெரியது பக்கத்து இருக்கையில் கிடந்தது. மகன் டேரிலின் தலை அளவு அவள் கைக்கு இன்னும் மறக்கவில்லை.

அவன் வீட்டைவிட்டுப் போய்ப் பதினைந்து பருவங்கள் ஆகிவிட்டன. அந்தக் காலி இருக்கைக்கான பருவச் சீட்டையும் அவள் வருடம் தவறாமல் புதுப்பிக்கிறாள்.

அணியின் அலுவலகத்துப் பெண் படிவத்தோடு வந்து நின்றாள். மேற்குப் பக்கம் நிழலில் இரண்டு இருக்கைகள் காலியாம். பழைய ஆளென்று இவளுக்குத்தான் முதலில் தருகிறார்களாம். கையெழுத்துப் போட்டால் போதும்.

பின்வரிசை லார்னுக்குப் பொறுக்கவில்லை.

“போட்டுத் தொலைங்களேன்க்கா. வெயில் ஆகாதுன்னு டாக்டர் தலையில அடிச்சுக்கிறாரு, நீங்க இங்கயே உக்காந்து கருவாடாப் போறீங்க.”

வெர்னா சிரித்தபடியே படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

பழைய மைதானத்தை இடித்துவிட்டுப் புதியது கட்டியபோதும் இப்படித்தான். நல்ல இடமாகப் பார்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவளோ பழைய எண்களையே கேட்டு வாங்கினாள். இருபத்தெட்டாம் பிரிவு, பதினான்காம் வரிசை, ஆறு, ஏழு. அந்த எண்கள் புதிய மைதானத்தில் வெயிலுக்கு நேர் எதிரே வந்து விழுந்தன.

டேரில் புதிய மைதானத்தைப் பார்த்ததில்லை. என்றைக்காவது வந்தால் அந்த எண்ணைத்தானே தேடுவான்?

அவன் போனது, அணி கோப்பையைக் கைநழுவ விட்ட அந்த நவம்பரில். கடைசி உதையை எதிரணி தவறவிட்டது. நாடே பச்சைக்குத்தான் கோப்பை என்று துள்ளியது. எண்ணிப் பார்த்தால், பன்னிரண்டு பேர் நிற்க வேண்டிய களத்தில் பச்சைக்குப் பதின்மூன்று பேர். மறுபடி உதைக்க விட்டார்கள். இந்த முறை தவறவில்லை.

அந்த வயிற்றெரிச்சலில்தான் அந்த வார்த்தை வந்தது. வேலை போய், வீட்டோடு கிடந்த மகனைப் பார்த்து.

“அங்க மட்டுமா? இந்த வீட்லயும் ஒரு ஆள் அதிகம்தான்.”

டேரில் சிரித்தான். சிரித்துக்கொண்டேதான் கோட்டை மாட்டினான். பனியில் இறங்கிப் போன வண்டி திரும்பவில்லை.

அப்பனின் வாய்தான் பிள்ளையைத் துரத்தியது என்று ஊரே பேசியது. வெர்னாவின் கணவர் அதை ஒருநாளும் மறுக்கவில்லை. அந்தப் பழியோடே போய்ச் சேர்ந்தார்.

களத்தில் முதல் பந்து எழும்பியது. அரங்கம் முழுவதும் எழுந்து நின்றது. வெர்னா மட்டும் உட்கார்ந்தபடி, பெரிய தர்பூசணியின் மேல் வெயில் படாமல் தன் மேல்சட்டையைப் போர்த்திவிட்டாள்.

அன்றைக்கு அந்தக் கடைசி உதையைப் பார்க்க நெஞ்சு தாங்காமல் கணவர் மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டிருந்தார். அந்த வார்த்தை விழுந்தபோது வீட்டுக்குள் இருந்தது டேரிலும் வெர்னாவும் மட்டும்தான்.