ஒரே முகம்

பின்னேர ஷிப்ட் தொடங்கும் நேரம். பாக்டரி வாசலில் வாகீசனின் வேலை கார்ட்டைப் பறித்தான் வெள்ளைக்கார சூப்பர்வைசர்.

"இது உன் கார்ட் இல்லை. வாகீசன் எங்கே?"

"நான்தான் சேர் வாகீசன். காலமை ஷிப்டிலயும் நான்தான் நிண்டனான்."

"பொய். வாகீசன் ஒரு வருஷமாக டபுள் ஷிப்ட் அடிக்கிறவன். பின்னேரமும் இப்போதுதான் குளித்தவன்போல் வருவான். நீ பிணம்போல் நிற்கிறாய். உங்கள் முகமெல்லாம் ஒன்று என்று என்னை ஏமாற்றப் பார்க்கிறாயா?"

வாகீசன் நெஞ்சிலடித்துச் சத்தியம் பண்ணினான். கையெடுத்துக் கும்பிட்டான்.

"ரோட்டில விட்டிடாதேங்கோ சேர்!"

கதவு சாத்தப்பட்டது.

கனடாவின் ஸ்காபரோவில், அவனுடைய பேஸ்மென்ட் அறை. அகதி வழக்குத் தோற்று, வேலை பெர்மிட்டும் இல்லாத அறைத்தோழர் குகதாஸ் அண்ணை நேற்றிரவு தொடங்கிய காய்ச்சலோடு போர்வைக்குள் கிடந்தார்.

"என்னடா இந்த நேரத்தில? என்ர பின்னேர ஷிப்டையும் இண்டைக்கு நீயே செய்யிறனெண்டல்லோ போனனீ?"

வாகீசன் தலையில் கைவைத்தபடி குந்தினான்.

"ஒரு வருஷமா அந்த ஒரு கார்ட்டில ரெண்டு பேர் போனம் அண்ணை, ஒருத்தன் எண்டு சூப்பர்வைசர் நம்பினான். இண்டைக்கு நான் ஒருத்தன் போக, ரெண்டு பேர் எண்டு வாசலால கலைச்சிட்டான்."