வலது கால் போன விமானம்

மதிய வெயில் ஆம்பூர் ஷூ கம்பெனியின் ஜன்னல் வழியே, இரண்டு மாதமாக உறை போட்டுக் கிடக்கும் தையல் மெஷின்கள் மேல் விழுகிறது. ஜாஸ்மின் இடது கால் ஷூவை மடியில் வைத்துக் காத்திருக்கிறாள். அவள் தைத்த வலது கால் முந்தாநாள் சென்னையில் விமானம் ஏறியது. சாம்பிளுக்கு ஒற்றைக் கால்தான் போகும். இன்றைக்குள் ஜெர்மனி சேராவிட்டால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும். சூப்பர்வைசர் இன்பராஜ் போனும் கையுமாக வருகிறார். “இன்னா சார், சேந்துச்சா?” “சேந்துச்சு. இன்னொரு காலையும் கேக்குறாங்க. கூடவே நாப்பதாயிரம் ஜோடி.” ஜாஸ்மின் எழுந்து பக்கத்து மெஷினின் உறையை ஒரே இழுப்பில் உருவுகிறாள். தூசி எழும்பி வெயிலில் மிதக்கிறது. வேலை போய் ஒடுகத்தூரில் வயலில் கடலை பறிக்கும் நந்தினிக்குப் போன் போடுகிறாள். “கடலைக் கொல்லையில இன்னாடி பண்ற? நாளைக்கு மொத பஸ்ஸப் புடி. உன் மெஷின தொறந்துட்டேன்.”