ஒரேயொரு தாழ்ப்பாள்

தோழர்களே, வாருங்கள்! இந்த அநீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள்! ஒருவருக்கொருவர் அஞ்சாமல் வாழலாமென்று எங்கள் தெருவார் அனைவரும் வீட்டுத் தாழ்ப்பாள்களைக் கழற்றித் தெரு மன்றத்தில் ஒப்படைத்தோம். வடிவாம்பாள் மட்டும் மறுத்தாள். அவள் கதவடைக்கும்போது எழும் அந்தச் சிறு 'டக்' ஒலி எங்கள் நெஞ்சை அறுத்தது.

"உள்ள அப்படி என்னம்மா பண்றே?" என்றார் தெருத் தலைவர் தணிகாசலம்.

"சும்மாதாண்ணே உக்காந்திருக்கேன்."

"எங்களுக்கில்லாத சும்மா உனக்கு மட்டும் எதுக்கு?"

நாங்கள் கைதட்ட, தலைவரே அவள் தாழ்ப்பாளைப் பிடுங்கிச் சென்றார். மன்றத்துக்கு அது வந்து சேரவில்லை. மறுநாள் நண்பகலில் தணிகாசலத்தின் கதவுக்குப் பின்னால் அதே 'டக்' கேட்டது. எங்கள் வயிறு மறுபடியும் எரிந்தது. தோழர்களே, அவள் தாழ்ப்பாளோடு நம்முடையவற்றையும் திருப்பிக் கேட்டு, அன்று கைதட்டிய அதே கைகளால் அந்தக் கதவைத் தட்டுங்கள்!