வெள்ளியா, கறுப்பா?

வெள்ளி லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கிறது என்று மணிவண்ணன் ஒரே பார்வையில் முடிவுகட்டிவிட்டான். மொட்டை மாடியில் நின்று கேமரா வழியாகத் தெருவைப் பார்த்தால், எல்லாமே பால் தெளித்தது போல மங்கிக் கிடந்தது.

"இது ஆவாது புவனா. அந்தக் கறுப்ப எடு."

அவன் மனைவி புவனேஸ்வரி கறுப்பு லென்ஸை நீட்டினாள். இரண்டும் இருபத்தெட்டு எம்.எம்.தான். வெள்ளி பழசு, கனம். கறுப்பு புதுசு, லேசு. பெரம்பலூரில் கேமரா கடை வைத்திருக்கும் பூமாலை இரண்டையும் கொடுத்து, பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதை இன்று சாயங்காலத்துக்குள் திருப்பித் தரச் சொல்லியிருந்தார்.

நாளை திங்கட்கிழமை, பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ. மணிவண்ணன் அந்தப் பள்ளிக்கு ஒன்பது வருஷமாக வேன் ஓட்டுகிறவன். படம் எடுப்பது அவனைப் பிடித்த பைத்தியம். ஹாலில் மாட்ட, பழைய ஃபிலிம் கேமராவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம்தான் வேண்டும் என்று தாளாளருக்கு ஓர் ஆசை வர, அதிர்ஷ்டம் டிரைவர் வீட்டுக் கதவைத் தட்டியது.

முந்நூறு பிள்ளைகள், கையகல மைதானம், பின்னால் நகர இடமில்லை. அகலமாக வாங்கும் லென்ஸ் இல்லாமல் கதையே நடக்காது. சொதப்பினால் இன்னொரு முறை யாரும் அவனைக் கூப்பிடப் போவதில்லை, அது அவனுக்கு நன்றாகவே தெரியும்.

எடுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம் என்றால் ரோலைக் கழுவத் திருச்சிக்கு அனுப்ப வேண்டும். அதற்கு நாளில்லை. கண்ணை நம்பித்தான் முடிவு செய்தாக வேண்டும்.

கறுப்பு லென்ஸை மாட்டி, மாடிப்படி நிழலில் நின்று கீழே வாசலைப் பார்த்தான். பளிச்சென்று இருந்தது. முகமெல்லாம் பல்லாகி, தான் அப்போதே சொன்னதாகச் சொல்லிக்கொண்டான். அவன் அப்படி எதுவும் சொன்னதாகப் புவனேஸ்வரிக்கு நினைவில்லை. அவளுக்கு நினைவிருந்ததெல்லாம் இந்தக் கேமரா வீட்டுக்கு வந்த புதிதில் பட்ட அவமானம்தான்.

அன்றைக்கு ஆசையாக வாங்கி அவள் நாலு படம் எடுத்தாள். லென்ஸ் மூடியைக் கழற்றாமலே எடுத்திருக்கிறாள் என்று பார்த்துவிட்டு இவன் விழுந்து விழுந்து சிரித்தான். செல்போன் போல நினைத்துவிட்டாயா, இதில் நாம் பார்க்கிற சன்னல் வேறு, படம் பிடிக்கிற லென்ஸ் வேறு, லென்ஸை மூடினாலும் சன்னலில் எல்லாம் தெரியும் என்று பாடம் வேறு நடத்தினான். எதிர்வீட்டில் போய்ச் சொல்லியும் சிரித்தான்.

நிழலை விட்டு வெயிலுக்கு வந்ததும் அவன் முகம் சுருங்கியது. கறுப்பிலும் அதே மங்கல். லாரிப் புழுதி என்றான். அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் போகாத ரோடு ஏது, அதனால் புவனேஸ்வரியும் நம்பினாள்.

நாலு தடவை துடைத்தான். வெள்ளியைத் திரும்ப மாட்டினான், கழற்றினான், கறுப்பை மாட்டினான். கடைசியில் பூமாலைக்குப் போன் போட்டு, கழித்துப்போட்ட சரக்கைத் தன் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று சத்தம் போட்டான். டார்ச் அடித்துப் பார்த்துத்தான் கொடுத்தேன், இரண்டும் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று அவர் சத்தியம் செய்தார்.

மணிவண்ணன் போனை வைத்தான். ஒன்பது வருஷம் கழித்து வந்த ஒரே வாய்ப்பு. "நாளைக்கு எத வச்சு எடுப்பேன் நான்?" என்றான்.

புவனேஸ்வரிக்குப் பாவமாக இருந்தது. கழற்றி வைத்திருந்த வெள்ளி லென்ஸை எடுத்து, வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். உள்ளே ஒரு புள்ளி பூஞ்சை இல்லை.

பிறகு கேமராவை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி, முந்தானையால் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இப்ப பாருங்க. நம்ம வேன் நிக்குதுல்ல, அதப் பாருங்க."

தெருமுனை வேப்பமரத்தடியில் பள்ளிக்கூட வேன் நின்றது. அதன் சாவி எப்போதும் போல அவன் சட்டைப் பையில் இருந்தது. அவன் கேமராவைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

"மஞ்சளாத் தெரியுது. அதே மங்கல்தான். முன்னாடி ஏதோ நிக்குது, ஆட்டுக்குட்டியா, சாக்கு மூட்டையான்னு புரியல. இந்தக் கறுப்பும் வேணாம், ரெண்டையும் திருப்பிக் குடுத்துடலாம்."

புவனேஸ்வரி தெருவைப் பார்த்தாள். வேனுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சாக்பீஸால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள் எதிர்வீட்டு ஜெயசித்ரா. ஒன்றாம் வகுப்பு, தினமும் அந்த வேனில்தான் போகிறாள்.

அவள் கை நீட்டி, லென்ஸின் மேல் தான் போட்டிருந்த மூடியைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

அவன் மூடியைப் பார்த்தான். "புழுதி..." என்று ஆரம்பித்தான், முடிக்கவில்லை. வெறுங்கண்ணால் தெருமுனையைப் பார்த்தான். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தான்.

"கண்ணு எத்தன மாசமாங்க இப்படி?" என்று கேட்டாள். அவன் மூடியைத் திரும்ப லென்ஸில் மாட்டினான்.

"வேன் சாவியக் குடுங்க."