எட்டாவது மூச்சு

அவள் ரப்பர்க் குழாயை வாயில் கவ்வி ஊதினாள்.

துப்பாக்கியின் அந்த முனையில் ஒன்றும் வரவில்லை.

வந்திருக்க வேண்டும். சுட்ட பிறகு துப்பாக்கிக் குழலுக்குள் கொஞ்சம் புகை தங்கியிருக்கும். பின்பக்கத்தைத் திறந்து, காலித் தோட்டாவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் குழாயைச் செருகி ஊதினால் அது முன்முனை வழியாக நூல்போல வெளியேறும். வெளியேறினால், மூச்சு கடைசிவரை போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

மறுபடி ஊதினாள். கன்னம் உப்பியது. தலை சுற்றியது.

இருமல்தான் வந்தது.

தோட்டாவில் நிரப்பும் கருமருந்து பிடிவாதம் பிடித்த சாமான். பாதி புகையாகப் போகும், மீதி கரியாகக் குழலுக்குள் ஒட்டிக்கொள்ளும். மூச்சின் ஈரம் பட்டால் இளகும். இல்லையென்றால் அடிப்பிடித்த பால்சட்டிதான். அதன் பிறகு போகிற குண்டு சொன்ன பேச்சு கேட்காது.

இன்று அடிலெய்டுக்கு வடக்கே, கோதுமை அறுத்த வெளியில், காற்றில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

ஐந்நூறு மீட்டர் தள்ளி இரும்புக் கிடாய்கள் வரிசையாக நின்றன. ஊரில் கிடாய் வெட்டுவார்கள். இங்கே இரும்பில் செய்து நிறுத்தி, சுட்டுச் சாய்க்கிறார்கள். சாத்தூரில் மத்தாப்புக்கே கட்டிலுக்கடியில் ஒளிந்தவள் இதற்கு வந்து சேர்ந்ததை அவள் அம்மா இன்றைக்கும் நம்புவதில்லை.

முதல் குண்டுக்கு ஒரு கிடாய் சாய்ந்தது. அப்போது குழல் சுத்தமாக இருந்தது. பெருமைப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது, கிடாயின் காலடியில் மண்ணைக் கிளப்பியது.

மூன்றாவது எங்கே போனதென்று சீனிராஜுக்கே தெரியவில்லை.

சீனிராஜ் அவள் கணவன். துப்பாக்கியைத் தொடமாட்டான். பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, தொலைநோக்கியில் பார்த்து, குண்டு விழுந்த இடத்தைச் சொல்வது அவன் வேலை. இன்று மடியில் ஓர் ஈரத் துணியும், அதைக் குழலுக்குள் தள்ள ஒரு கம்பியும் கொண்டுவந்திருந்தான். போட்டி விதி அதை அனுமதிக்கிறது. பாதிப் பேர் அப்படித்தான் துடைக்கிறார்கள்.

"துடைச்சிரலாமா கனி?"

அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

எட்டு மாதத்துக்கு முன் அவளுடைய இடது நுரையீரலில் கீழ்ப்பாதியை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் மூன்று பந்து வைத்த பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். மூச்சை இழுத்தால் பந்துகள் ஒவ்வொன்றாக மேலே ஏற வேண்டும். முதல் பந்து ஏறியது. இரண்டாவது நடுங்கியது. மூன்றாவது இன்றுவரை கீழேதான் கிடக்கிறது.

காலையில் காரில் வரும்போதே சொல்லிவிட்டாள். தன் மூச்சை வைத்தே இன்று சுட முடியாவிட்டால் துப்பாக்கியைக் கொடுத்துவிடுவாள். வாங்கிக்கொள்ள ஒருவர் தயாராக இருந்தார்.

சீனிராஜ் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான். இது போனால் அடுத்து காலை நடை போகும், பிறகு சிரிப்பு போகும் என்று அவனுக்குத் தெரியும். பயமாக இருந்தது.

காற்று ஒரு கை மண்ணை அள்ளி வீசியது. அவன் கண்ணில் விழுந்தது.

கைக்குட்டையைச் சுருட்டி வாயருகே பிடித்தான். 'ஹா' என்று மூச்சுவிட்டு, அந்தச் சூட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். மறுபடி 'ஹா'. மறுபடி ஒற்றினான்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் ஊதவில்லை. ஒரு முறைகூட ஊதவில்லை.

கரிக்கு வேண்டியது ஈரம்தானே. இவ்வளவு நேரம் இவள் அதை அதட்டிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் நன்றாகத் தெரிந்ததுதான், பயத்தில் மறந்துபோயிருந்தது.

குழாயைக் கவ்வினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

ஹா.

சின்ன மூச்சு. ஒரு கைக்குட்டைக்குப் போதுமான அளவு.

ஹா.

முன்பு மூன்று போதும். இன்று நான்காவதில் நிறுத்தி இளைப்பாற வேண்டியிருந்தது. வெட்கமாக இருந்தது. உதட்டில் கரி கசந்தது.

ஐந்து. ஆறு. ஏழு.

எட்டு.

போன வாரம் சமையலறை மேஜையில் அவளே நிரப்பிய தோட்டா. கருமருந்தை நீளக் குழாய் வழியாக மெல்லக் கொட்டி, அட்டை வைத்து, தேன்மெழுகு பூசிய ஈயக் குண்டை மேலே அமர்த்தியது. குழாயை உருவிவிட்டு அதை உள்ளே தள்ளினாள். எங்கும் இடறாமல் போய் உட்கார்ந்தது.

சுட்டாள்.

வெள்ளைப் புகை எழுந்து கிடாய், வெளி, வானம் எல்லாவற்றையும் மூடியது. இதில் அதுதான் தொல்லை. சுட்டவருக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

காதடைப்பானைத் தள்ளிவிட்டுக் கேட்டாள்.

"விழுந்துச்சா?"

புகைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, கெடா விழுந்துச்சா?"

"பாக்கல."

திரும்பினாள். தொலைநோக்கி அது பாட்டுக்கு நின்றது. சீனிராஜ் ஈரத் துணியை இரண்டு கையாலும் பிழிந்து கால்சட்டை முழுக்க நனைத்திருந்தான்.

"முன்முனையில புகை வந்துச்சு கனி," என்றான். "எட்டாவதுல."

அவள் துப்பாக்கியைத் திறந்து காலித் தோட்டாவை எடுத்துக் கீழே வைத்தாள்.

"அடுத்ததையாவது பாருங்க."

குழாயை எடுத்துக்கொண்டாள்.