ஃப்ரிட்ஜுக்கு ஒரு பிளாஸ்திரி

"அந்த அலமாரியைத் திறங்க சிஸ்டர்."

சூப்பர்வைசர் சொல்லாமல் கொள்ளாமல் சுகாதார மையத்துக்கு வந்து நின்றார். தடுப்பூசி மருந்து இல்லை என்று மூன்று நாளாகத் தாய்மார்களைத் திருப்பி அனுப்புகிறாராம் நர்ஸ். மருந்து வந்து இறங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை.

போதாததற்கு, இந்த மூன்று நாளில் நர்ஸிடமிருந்து சூப்பர்வைசருக்கே ஏழு முறை போன். அவர் எடுக்கவில்லை. தப்பு செய்தவர்கள்தான் முந்திக்கொண்டு கூப்பிடுவார்கள் என்பது அவருடைய இருபது வருட அனுபவம்.

சற்று முன், உள்ளே நுழைந்ததும் வழக்கம்போல் தன் தண்ணீர் பாட்டிலை வைக்க மருந்து ஃப்ரிட்ஜைத் திறந்தார்.

"அதை வெளியில வைங்க சார்" என்றார் நர்ஸ்.

திமிர். மனதில் குறித்துக்கொண்டார்.

ஃப்ரிட்ஜில் அந்த மருந்துத் தட்டு காலி. குளிரைக் கூட்டும் குமிழின் மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பிளாஸ்திரி.

"ஃப்ரிட்ஜுக்கு எங்க அடிபட்டுச்சு?"

வாசலில் நின்ற வாட்ச்மேன் மட்டும் சிரித்தார்.

இப்போது நர்ஸ் அலமாரியைத் திறந்தார். இருநூறு பாட்டில், அடுக்கி வைத்திருந்தது.

"ஜில்லுனு இருக்க வேண்டிய மருந்து உங்க துணிமணிக்கு நடுவுல! யாருக்கும்மா விக்கிறதா உத்தேசம்?"

"யாராவது தெரியாம எடுத்துக் குத்திடக் கூடாதுன்னு பூட்டினேன் சார்."

ஒரு பாட்டிலைக் குலுக்கி மேஜையில் வைத்தார் நர்ஸ். பால்போல் வெளுத்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே எண்ணெய், கீழே தண்ணீர் என்று பிரிந்தது.

"எண்ணெயைப் பொடிப்பொடித் துளியாக்கித் தண்ணியில கலந்திருக்காங்க. சோப்பு மாதிரி ஒண்ணுதான் பிரியாம பிடிச்சு வெச்சிருக்கு. ஒரு தடவை உறைஞ்சா எல்லாம் போச்சு. செவ்வாய்க்கிழமை காலையில கல்லா உறைஞ்சு கிடந்தது. இதைப் போட்டா குழந்தைக்கு வலிதான் மிச்சம்."

"உறைய விட்டது யாரு? நீங்கதானே பொறுப்பு? அறுபது குழந்தைங்க ஊசி போடாம நிக்குது!"

"பக்கத்து மையத்துல கேட்டிருக்கேன். நாளைக்கு எல்லாருக்கும் போட்டுடலாம்."

"நாளைக்கு நீங்க இங்க இருந்தாத்தானே?"

நர்ஸ் மேஜை டிராயரிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். எத்தனை பாட்டில், எந்தத் தேதி, என்ன சேதம், எல்லாம் முத்துமுத்தான கையெழுத்தில். 'காரணம்' என்ற கட்டம் மட்டும் காலி.

பிடிபட்டாள் என்று நினைத்தார் சூப்பர்வைசர். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"இதை மட்டும் ஏன் எழுதல? கை வரலியோ?"

நர்ஸ் வாட்ச்மேனை டீ வாங்கி வரச் சொல்லி அனுப்பினார். அவர் படியிறங்கும் வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"திங்கக்கிழமை வந்தப்ப, 'தண்ணி ஜில்லுனே இல்ல'ன்னு அந்தக் குமிழைக் கடைசி வரைக்கும் திருகி வெச்சது நீங்கதான் சார். உங்களைக் கேக்காம எழுத மனசு வரல. அதுக்குத்தான் ஏழு தடவை போன் பண்ணேன்."